கழுவிக் கொண்டுவந்த கல்

அந்தக் கல்ல நாக்குல வைக்காதீங்க சார். வைக்கலாம், தப்பில்ல, ஆனா இப்ப வேணாம். பாட்டில் தண்ணிய ஊத்திக் கழுவிட்டு உடனே வச்சா எதுவும் ஒட்டாது. இப்படிக் குடுங்க, என் பக்கம் ஜன்னல்ல வெயில் படுது, வைக்கிறேன். ஒரு மணி நேரம் நல்லாக் காயணும். அப்புறம் நுனி நாக்கு பட்டும் படாம வச்சுப் பாருங்க. எலும்பா இருந்தா நாக்கைப் பிடிச்சு இழுக்கும். வெறும் கல்லுன்னா வழுக்கிரும்.

தெரியும் சார், கொஞ்சம் தெரியும். அதுக்காக நான் சொன்னா எல்லாம் சரியா இருக்கும்னு எடுத்துக்காதீங்க.

தொப்பி, சுத்தியல், பை நெறயக் கல்லு, பாத்ததுமே நம்ம ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. சேலமா? பேங்க்லயா? நல்லது. லீவு போட்டுட்டு வெயில்ல கல்லு பொறுக்க வந்திருக்கீங்க, வீட்டுல என்ன சொல்றாங்க? எங்க வீட்டுலயும் அதேதான் சொல்லுவாங்க. எங்க எறங்கணும் உங்களுக்கு?

உப்போடைப் பாலமா.

அங்க எதுக்குன்னு கேக்கலாமா? அப்படியா. திருச்சியில அந்த யுனிவர்சிட்டி கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற கால் எலும்பப் போன தடவை பாத்திருக்கீங்க. அட்டையில 'இடம்: உப்போடை, தொட்டியாங்காடு'ன்னு போட்டிருக்கு. மீதி எலும்புல ஒரு துண்டாவது உங்க கண்ணுல படுமான்னு ஒரு ஆசை. அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்குமே, படிச்சீங்களா? 'கண்டெடுத்தவர்: ரா. நடேசமூர்த்தி.' அது நாந்தான் சார்.

கை குடுக்காதீங்க. இல்ல, வேணாம். முழுசாக் கேளுங்க. கேட்டப்புறமும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுங்க. இன்னொரு உதவியும் கேட்டுக்கறேன். நீங்க அந்த ஓரத்துலயே உக்காந்திருங்க, நடுவுல நான் எந்திரிச்சாலும் காலை நகத்தாதீங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

தொட்டியாங்காட்டுல கால்நடை மருந்தகம் இருக்கு. அங்க நான் உதவியாளரா இருந்தேன், இருபத்தேழு வருசம். டாக்டர் வாரத்துல ரெண்டு நாள்தான் வருவாரு. மிச்ச நாளெல்லாம் ஆட்டுக்குப் பூச்சி மருந்து ஊத்துறதுல இருந்து மாட்டுக்கு ஊசி போடுறது வரைக்கும் நாந்தான். அதனால ஊரெல்லாம் என்னை டாக்டரேன்னுதான் கூப்பிடும். நான் இல்லன்னு சொன்னதில்ல. ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு திருத்திக்கிட்டா இருக்க முடியும்? அவங்களா கூப்பிடுறாங்க, எனக்கு என்ன. இந்தக் கண்டக்டர் தம்பி கூட அப்படித்தான் கூப்பிடுது, நீங்களே கேட்டீங்க.

கல்லு பைத்தியம் எப்படி வந்துச்சுன்னா, தடுப்பூசி போட ஊர் ஊரா போகணும்ல, ஓடைக்குள்ள எறங்கித்தான் போகணும். மழை பேஞ்சு விட்டப்புறம் ஆடு நடந்த தடத்துல பாத்தா சுருண்ட கல்லு கெடக்கும், நத்தை மாதிரி. கடல் இருந்த எடமாம் இது. முதல் ரெண்டு வருசம் நான் பொறுக்குனதுல பாதி வெறும் கல்லு சார். உருண்டையா ஒண்ணு கெடச்சா முட்டைன்னு கொண்டாந்து அலமாரியில வச்சிருவேன். பதினாலு முட்டை வச்சிருந்தேன். அது ஒண்ணும் முட்டை இல்ல, மண்ணு உருண்டு இறுகினது. தெரிஞ்சப்ப எம்பொண்டாட்டி சிரிச்ச சிரிப்பு இருக்கே, அத இப்ப நெனச்சாலும் காது சுடும். எனக்கு அடுத்தவங்க சிரிச்சா ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படி. அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

அப்புறம் போகப் போகக் கை பழகிருச்சு. உங்களுக்கும் பழகும். கல்லு உடைஞ்சா எப்படி வேணாலும் உடையும், உயிரா இருந்ததுக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். வரி வரியா வந்தா அந்த வரிக்கு நடுவுல எடைவெளி ஒரே மாதிரி குறைஞ்சுக்கிட்டே போகும். தேஞ்சு போனதுதான் கஷ்டம். மழையும் வெயிலும் வரியெல்லாம் தின்னுரும். அப்பக் கண்ண மூடிக்கிட்டுக் கட்டவிரலால தடவணும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். உச்சி வெயில்ல தேடாதீங்க, சாய்ஞ்ச வெயில்லதான் மேடு பள்ளம் நிழலாத் தெரியும். எலும்புன்னா உடைஞ்ச பக்கத்தப் பாக்கணும். உள்ள பொடிப் பொடியா ஓட்டை இருக்கும், ரொட்டியப் பிச்சாப்ல. இது எனக்குச் சொல்லித் தரவே வேணாம் சார். செத்த மாட்ட அறுத்துப் பாக்குறப்ப டாக்டருக்குப் பக்கத்துல நின்னவன் நான். எலும்பு எனக்குப் பொழப்பு. அந்தத் திமிரு எனக்கு இருந்துச்சு.

மேய்க்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன், வித்தியாசமா ஏதாவது கெடந்தா கொண்டாங்கன்னு. ஊசி போட வர்றப்ப முந்தியில முடிஞ்சு கொண்டாருவாங்க. நான் எல்லாருக்கும் முன்னாடி நாக்க நீட்டி வச்சுப் பாத்து, இது ஆகும், இது ஆகாதுன்னு சொல்லுவேன். டாக்டரு கல்லு நக்குறாருன்னு ஊர்ல ஒரு பேச்சு. அது எனக்குப் பிடிக்கும். கேலிதான், ஆனா நாம பெரிய ஆளுன்னு ஒத்துக்கிட்ட கேலி.

பூங்காவனம்னு ஒருத்தி. நாப்பது வெள்ளாடு வச்சிருக்கா. என் வயசுதான் இருக்கும், ரெண்டு வயசு முன்னப் பின்ன. புருசன் இல்ல, பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு. பேச்சு கம்மி. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஒரு கார்த்திகை மாசம், தடுப்பூசி முகாம் நடக்குது, பள்ளிக்கூடத்து மைதானத்துல. எரநூறு ஆடு, அதுகளப் பிடிச்சுக்கிட்டு முப்பது நாப்பது பேரு. அவ தலையில சும்மாடு கட்டி ஒரு கல்லத் தூக்கிட்டு வந்தா. சின்னச் சொரைக்கா தண்டிக்கு இருக்கும், கனம். நாலு மைல் தூக்கிட்டு வந்திருக்கா, ஆட்டையும் ஓட்டிக்கிட்டு.

"சார், நரிப்பள்ளத்துல கெடந்துச்சு. ரெட்டைப் பனை நிக்கிற கரையில. இதே மாதிரி இன்னும் மண்ணுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கு"ன்னா.

நல்லாக் கேட்டுக்குங்க சார். எடத்தச் சொன்னா. நான் காது குடுத்துக் கேட்டேன்.

கல்லு ஈரமா இருந்துச்சு. என்னன்னா, நான் நாக்குல வைப்பேன்னு அவளுக்குத் தெரியும். ஆட்டுப் புழுக்கையும் மண்ணுமாக் கெடந்ததக் குடுக்கக் கூடாதுன்னு, வர்ற வழியில போர் தண்ணியில தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி, முந்தானையால தொடச்சுக் கொண்டாந்திருக்கா. மரியாதைக்கு. அந்தத் தண்ணிதான் ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிட்டு நிக்குது. நாக்கு ஒட்டல. வழுக்கிருச்சு.

காயட்டும்னு சொல்லியிருக்கணும். திருப்பி உடைஞ்ச பக்கத்தப் பாத்திருக்கணும். ரெண்டும் பண்ணல. கையில ஊசி, எதுக்க நாப்பது பேரு, எல்லாரும் என் வாயப் பாத்துக்கிட்டு இருக்காங்க. "வெறும் கல்லு"ன்னேன். அதோட விட்டிருக்கலாம். "ஏன் பூங்காவனம், இத நாலு மைல் சொமந்தியே, தலையிலயும் இதான் இருக்கா?"ன்னு கேட்டேன்.

நல்லாச் சிரிச்சாங்க. கெடாவப் பிடிச்சுக்கிட்டு இருந்தவன் சிரிச்ச சிரிப்புல கெடாவ விட்டுட்டான். அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு, கல்லத் திரும்பத் தலையில ஏத்திக்கிட்டா. ஏன் இங்கயே போட்டுட்டுப் போகலன்னு அப்ப எனக்குத் தோணல.

ஏதோ பேச்சு வாக்குல சொன்னதுதான் சார். மனசுல வச்சுக்கிட்டுச் சொன்னதில்ல.

அதோ பாருங்க, உப்போடைப் பாலம் வருது. எறங்காதீங்க. நான் சொல்றதக் கேளுங்க, வேணும்னா அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி வந்துக்கலாம். அந்த ஓடையில பத்தொம்பது நாள் பெரிய ஆளுங்க தோண்டிப் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. இருக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.

சித்திரை மாசம் அவ கொட்டகைக்குப் போனேன், குட்டிகளுக்குக் கழிச்சல்னு. நல்ல வெயில். குட்டிகளக் கூடையப் போட்டு மூடி வச்சிருந்தா, கூடை நகராம இருக்க மேல பாரத்துக்கு அந்தக் கல்லு. உடைஞ்ச பக்கம் என்னப் பாத்த மாதிரி இருந்துச்சு. அஞ்சு மாசம் வெயில்ல காஞ்சிருக்கு. ரொட்டியப் பிச்சாப்ல பொடிப் பொடியா ஓட்டை. அவ தண்ணி கொண்டாற உள்ள போனா. நான் குனிஞ்சு நாக்க வச்சேன். பிடிச்சுக்கிச்சு சார். எடுக்க வலிச்சுது.

அவ சொம்போட வர்றதுக்குள்ள நிமிந்துட்டேன்.

அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. 'பூங்காவனம், அன்னைக்கு நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்.' அவ்வளவுதான். வாய் வரல. அவகிட்டச் சொல்றது கூடப் பெருசில்ல, அவ வெளிய சொல்லுவா, அந்த நாப்பது பேரும் சேந்து சிரிப்பாங்க, டாக்டருக்கு எலும்பே தெரியலன்னு. அதத்தான் நெனச்சேன். "இந்தக் கல்ல எடுத்துக்கறேன், மருந்தகத்துக் கதவு காத்துல அடிச்சுக்குது, முட்டுக் குடுக்கணும்"னேன்.

"எடுத்துக்குங்க சார், வெறும் கல்லுதான"ன்னா. நக்கலாச் சொன்ன மாதிரி இல்ல. சாதாரணமாத்தான் சொன்னா. வேற ஒரு கல்லத் தேடி எடுத்துக் கூடை மேல வச்சா.

அந்த வாரமே துண்டுல சுத்தி, இதே ரூட்டு பஸ்ல திருச்சிக்குக் கொண்டு போனேன். ஜெயசீலி மேடம்னு ஒரு பேராசிரியை, அவங்க கையில வாங்குனாங்க. லென்ஸ வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் என்னன்னு கேக்கல சார், "எங்க எடுத்தீங்க?"ன்னுதான் கேட்டாங்க. "கல்லு பாதி, இடம் பாதி. இடம் தெரியலன்னா இது வெறும் கல்லு"ன்னாங்க.

ஒரு துண்டு இருந்தா அந்தப் பிராணியோட மீதியும் அங்கயே இருக்கும்னு அவங்களுக்கு ஆசை. நரிப்பள்ளம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா நரிப்பள்ளத்துல தினமும் மேய்க்கிறவ பூங்காவனம். இவங்க வந்து எறங்குனா அவ வந்து நிப்பா. இது நான் கொண்டாந்த கல்லு, டாக்டரு வெறும் கல்லுன்னாருன்னு சொல்லுவா. அதனால மேப்பு விரிச்சப்ப நரிப்பள்ளத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிற உப்போடையக் காட்டினேன். வாயால பொய் சொல்லல சார். கைய வச்சுக் காட்டினேன்.

எனக்குத் தெரியுது, ரெண்டும் ஒண்ணுதான். அன்னைக்கு ஒண்ணாத் தெரியல.

ஆனி மாசம் வந்தாங்க, மேடமும் அவங்ககிட்டப் படிக்கிற நாலு பிள்ளைங்களும். கூடாரம் போட்டு, கயிறு கட்டிக் கட்டம் போட்டு, பிரஷ்ஷால மண்ணத் தள்ளித் தள்ளித் தோண்டுனாங்க. நான் தினமும் சாயங்காலம் கேன்ல மோர் கொண்டு போவேன். எவ்வளவு நல்ல மனுசங்க தெரியுமா. மொகமெல்லாம் கருத்துப் போயி, ஒதடு வெடிச்சு, "சார், நாளைக்குக் கண்டிப்பாக் கெடைக்கும்"ம்பாங்க. நானும் "கெடைக்கும் மேடம்"ம்பேன். பச்சையா அப்படிச் சொன்னேன் சார், மோர ஊத்திக் குடுத்துக்கிட்டே.

ஆறாம் நாள் திரும்பி வர்றப்ப பாத்தேன், டிப்பர் லாரி ஒண்ணு நரிப்பள்ளத்துப் பக்கம் திரும்புது. பின்னாடியே இன்னொண்ணு. பைபாஸ் ரோடு போட மண்ணு எடுக்குறாங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. பொறம்போக்கு எடம், உத்தரவு வாங்கித்தான் எடுத்தாங்க, அவங்கள ஒண்ணும் சொல்ல முடியாது. அங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சது உலகத்துல ரெண்டே பேருக்குத்தான். ஒருத்தி ஆடு மேய்க்கிறா. ஒருத்தன் மோர் ஊத்துறான்.

நாளைக்குச் சொல்லிடலாம்னு படுப்பேன். ஒம்பதாம் நாள் ஒரு பனை சாஞ்சிருச்சு. தூரத்துல இருந்தே தெரியும், ரெண்டு நின்ன எடத்துல ஒண்ணு நிக்குது. அன்னைக்கு மோர் கேனோட அந்த வழியில நின்னேன் பாருங்க, அப்பச் சொல்லியிருந்தா கூட பாதி மிஞ்சியிருக்கும். மேடம் ஒரு போன் பண்ணா கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து நிறுத்தியிருப்பாங்க. நான் நேரா உப்போடைக்குப் போயி மோரக் குடுத்துட்டு வந்தேன்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, பூங்காவனம் ஆட்ட ஓட்டிக்கிட்டு உப்போடைக் கரைக்கே வந்துட்டா. நரிப்பள்ளத்துல லாரி ஓடுது, மேய்க்க எடமில்ல, அதான் இங்க வந்திருக்கா. கரை மேல குந்திக்கிட்டு எல்லாத்தையும் பாக்குறா. மேடம் அவளப் பாத்துட்டு, "வாங்கம்மா, வெயில்ல இருக்கீங்களே, இங்க நெழல்ல உக்காருங்க"ன்னாங்க. நான் இத்தனை வருசமா அவள வா, போன்னுதான் கூப்பிட்டேன். மேடம் ஒரே நாள்ல வாங்க, உக்காருங்கன்னுட்டாங்க.

மேடம் அந்த எலும்பு போட்டோவ அவகிட்டக் காட்டினாங்க. "நீங்க இந்தப் பக்கமெல்லாம் மேய்க்கிறவங்க, இது மாதிரி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

போட்டோவப் பாத்தா. அவ கல்லு அவளுக்குத் தெரியாதா. அப்புறம் என்னைப் பாத்தா. நான் கேன் மூடியத் திருகிக்கிட்டு நின்னேன். "எனக்கு என்னம்மா தெரியும், ஆடு மேய்க்கிறவ. டாக்டருக்குத்தான் தெரியும்"னு சொன்னா.

எனக்கு உயிர் வந்துச்சு. அந்த நிமிசம் சந்தோசப்பட்டேன் சார், மறைக்க மாட்டேன். அதுக்கப்புறம்தான் அந்தப் பார்வை உள்ள போயி வேலை செய்ய ஆரம்பிச்சுது. கேவலமாப் பாத்தான்னு நெனச்சுக்கிட்டேன். நாலு வருசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு, அவ இருக்கிற தெருப் பக்கமே போகல. முகாமுக்கு அவ வந்தா உள்ள மருந்து எண்ணுற மாதிரி போயிருவேன்.

பத்தொம்பதாம் நாள் மூட்டை கட்டிட்டாங்க. ரெண்டு சுறாப் பல்லு, கொஞ்சம் நத்தைக் கல்லு, அவ்வளவுதான். அவங்க போன மறுநாள் நரிப்பள்ளத்துக்குப் போனேன். ரெண்டு பனையும் இல்ல. கரையே இல்ல. இருவது அடிக்குக் குழி, அடியில தண்ணி நிக்குது. எறங்கி ஒரு நாள் பூராத் தேடுனேன். ஒரு விரல் தண்டி கூட இல்ல.

எங்க போச்சுன்னு கேக்குறீங்களா? இப்ப நாம ஏறப்போறோமே பைபாஸ், அந்த ரோட்டுக்கு அடியில இருக்கு. உருளை போட்டு அழுத்தி, மேல தார் ஊத்தியாச்சு. அந்தப் பிராணி முதுகு மேலதான் பஸ்சு போகுது.

அதுக்கப்புறம் மேடம் ஒரு கட்டுரை எழுதுனாங்க. எனக்கும் ஒரு பிரதி அனுப்புனாங்க, மரியாதையா. இந்த எலும்பு வேற எங்கயோ இருந்து தண்ணியில அடிச்சுக்கிட்டு வந்து உப்போடையில ஒதுங்கியிருக்கணும்னு எழுதியிருக்கு. கடைசியில நன்றி, திரு. நடேசமூர்த்தி அவர்களின் கூர்மையான பார்வைக்குன்னு. எம்பொண்டாட்டி அத பிரேம் போட்டு ஹால்ல மாட்டுனா. நான் அந்தச் சொவத்தப் பாத்து உக்காந்து சாப்பிடுறதில்ல.

இத்தோட முடிஞ்சிருந்தா செத்தா கூட வெளிய சொல்லியிருக்க மாட்டேன். போன மாசம் ஒரு நாள் காலையில வீட்டு வாசல்ல பூங்காவனம் வந்து நிக்குறா. நான் ரிட்டயர்டு ஆகி ஒரு வருசம் ஆச்சு, என்னத் தேடி வர வேண்டிய அவசியமே இல்ல. பழைய சேலைத் துணியில எதையோ சுத்தி எடுத்துட்டு வந்திருந்தா. கேக்கப்போறான்னு நெனச்சேன்.

துணியப் பிரிச்சா. கல்லு. மண்ணு ஒட்டிக்கிட்டு, புழுக்கை கூட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு.

"கழுவல சார். தட்டக்கூட இல்ல, கெடந்தபடி கொண்டாந்திருக்கேன். பைபாஸ் ரோட்டுச் சரிவுல, பதினேழு போட்ட கிலோமீட்டர் கல்லுக்குக் கீழ, மழையில கரைஞ்சு தெரிஞ்சுச்சு. இது நரிப்பள்ளத்து மண்ணுதான், எனக்கு அடையாளம் தெரியும்"னா.

அவ நெலத்தப் பாத்துக்கிட்டே சொன்னா, "அப்ப உப்போடையில அந்தப் படிக்கிற பொண்ணு எங்கிட்டச் சொல்லுச்சு சார், ஈரமா இருந்தா நாக்குல ஒட்டாது, பெரிய ஆளுங்களே ஏமாந்துருவாங்கன்னு. அப்பத்தான் வெளங்குச்சு. நான் கழுவிக் கொண்டாந்ததாலதான உங்களுக்குத் தெரியாமப் போச்சு. அவ்வளவு பேருக்கு முன்னால உங்கள அப்படி ஆக்கிப்புட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து சொல்றதுன்னு இத்தன வருசமா வரல. எம்மேலதான் சார் தப்பு."

நாலு வருசம். அவ என்னப் பாத்து வெக்கப்பட்டு ஒதுங்கியிருக்கா. நான், அவ என்னக் கேவலமாப் பாக்குறான்னு ஒதுங்கியிருக்கேன்.

உப்போடைன்னு நான் சொன்னது தெரிஞ்சும் ஏன்மா பேசலன்னு கேட்டேன். "நீங்க ஏதோ காரணமாத்தான் சொல்லியிருப்பீங்க, எனக்கு என்ன தெரியும்"னா.

இப்பத்தான் சார் சொல்ல வேண்டிய எடம். இதச் சொல்லத்தான் உங்களப் பிடிச்சு உக்கார வச்சேன். தன் மேலதான் தப்புன்னு அவ சொன்னதுக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பரவால்ல, விடும்மா"ன்னு சொன்னேன். மன்னிச்சு விட்டேன் சார் நான், அந்தம்மாவ. அவங்களுக்கு மொகமெல்லாம் தெளிஞ்சு போச்சு. நல்லாருங்க சார்னு கும்பிட்டுட்டுப் போனாங்க. நான் கைய நீட்டி அந்தக் கும்பிடையும் வாங்கிக்கிட்டேன்.

அன்னைக்கு ராவுலேர்ந்து தூக்கம் கெட்டுப் போச்சு. கல்லத் தப்பாப் பாத்தேன், சரி, மனுசன்னா தப்பு நடக்கும். பொய் சொன்னேன், பயத்துல சொன்னேன். அதுக்கெல்லாம் எனக்கு நானே ஒரு சமாதானம் வச்சிருந்தேன். இந்தப் 'பரவால்ல'வுக்கு மட்டும் ஒண்ணும் கெடைக்கல.

எங்காலுக்கடியில பாத்தீங்களா, மஞ்சப் பை. அதேதான். கழுவல. அந்தப் புழுக்கை கூட அப்படியே இருக்கு. மேடத்துக்கிட்டக் கொண்டு போறேன். சட்டைப் பையில ஒரு அட்டை எழுதி வச்சிருக்கேன், படிங்க. 'இடம்: நரிப்பள்ளம். தற்போது பைபாஸ் சாலை. கண்டெடுத்தவர்: பூங்காவனம்.' பழைய கல்லுக்கும் இதே அட்டைதான்னு அவங்ககிட்டச் சொல்லணும். எல்லாத்தையும் சொல்லணும், மோர் ஊத்துனது வரைக்கும். திரும்பி வந்து அந்தம்மா கொட்டகைக்குப் போகணும். அந்த மைதானத்துல சிரிச்சவங்க இருக்கிறப்பவே சொல்லணும். அதுதான் திருச்சிய விடத் தூரமா இருக்கு.

காலை நகத்தாதீங்கன்னேன்ல, காரணம் இதான். இது நாலாவது தடவை சார் நான் இந்த பஸ்ல ஏறுறது. மூணு தடவையும் திருச்சிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். மூணு தடவையும் பைபாஸ் முக்கு வந்ததும் எறங்கிட்டேன். எறங்கி எதுத்தாப்ல வர்ற பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டேன். ஒரு தடவை வயித்துவலின்னேன், ஒரு தடவை வீட்டுலேர்ந்து போன்னேன். ஒரு தடவை எதுவும் சொல்லல.

வேகம் குறையுது. பைபாஸ் முக்குதான். உங்களுக்கு உப்போடைக்குத் திரும்பணும்னா இங்க எறங்கலாம். இல்லையா? உக்காந்திருக்கீங்களா? சரி சார். சரி.

அந்தக் கண்டக்டர் தம்பி என்னத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. கேட்டுச்சா? "டாக்டரே, உங்க ஸ்டாப்பு, எறங்கலையா"ங்குது. மூணு தடவையில பழகிப்போச்சு அதுக்கு.

தம்பி, நான் எறங்கல. டிக்கெட் திருச்சி வரைக்கும் இருக்கு. இன்னொண்ணு தம்பி, நான் டாக்டர் இல்லப்பா. ஆமா, நெசமாத்தான் சொல்றேன், நான் மருந்தகத்துல உதவியாளரா இருந்தவன். இத்தன வருசமா நீ கூப்பிடுறப்ப சொல்லாம விட்டுட்டேன். சிரிக்கிறியா, சிரி, பரவா...

இல்ல. சிரி தம்பி. சிரிச்சுட்டு விசில் குடு, பஸ்சு கெளம்பட்டும்.